சிங்க் பக்கம் போன கால்

அன்புள்ள ரகு,

எட்டு மாதம் எழுதாததற்குத் திட்டுவதென்றால், இதைப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் அப்படியேதான். 

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் எனக்கு ஒரு குட்டு விழுந்தது.

பலகையில் 'பசுமை வேதியியல்', அதாவது கழிவும் நச்சும் குறைந்த வேதியியல், என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, வெள்ளி நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய வெள்ளித் துணுக்கு) செய்து காட்டினேன். மிகவும் நீர்த்த (ஒரு மில்லிமோலார்) சில்வர் நைட்ரேட் கரைசல் 10 மி.லி., அதில் சில சொட்டு தேயிலை வடிநீர். பக்கத்தில் வெறும் தண்ணீரில் அதே வடிநீர் விட்ட இன்னொரு குழாய். அதை வைக்காமல் இருந்தால் 'டீ கலர்தானே சார்' என்று மடக்கியிருப்பார்கள், உனக்குத் தெரியாததா! இரண்டையும் வெந்நீரில் நிறுத்தினேன். வெறும் தண்ணீர்க் குழாய் வெளிறியே நின்றது. வெள்ளி இருந்த குழாய் மஞ்சளாகிப் பழுப்பேறியது. விஷ ரசாயனம் எதுவும் வேண்டாம், தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால் என்ற பொருளே கரைசலிலுள்ள வெள்ளி அயனியை (மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணுவை) ஒடுக்கி உலோக வெள்ளியாக்கிவிடும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே குழாயைக் கழுவ சிங்க் பக்கம் போனேன்.

"சார், அதை எங்க ஊத்தப் போறீங்க?"

கடைசி பெஞ்ச். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அதற்குச் சற்று முன்தான் கணக்குப் போட்டிருந்தோம்: 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; அதையே 1 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 6,000 சதுர மீட்டர். அத்தனை பரப்பிலிருந்தும் அயனி கசிவதால்தான் கிருமி சாகிறது. அந்த வெள்ளி சாக்கடைத் தண்ணீரில் போனால், கொல்வது கிருமியோடு நிற்குமா? 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி சேர்த்த காலுறைகளைத் துவைத்துப் பார்த்தார்கள். சில வகைகளில் நாலைந்து சலவையிலேயே ஏறக்குறைய எல்லா வெள்ளியும் நீரோடு போய்விட்டது. இது எனக்குத் தெரியும் ரகு. தெரிந்தும் கால் சிங்க் பக்கம்தான் போனது. பசுமை வேதியியலுக்கென்று அனஸ்டாஸும் வார்னரும் 1998இல் எழுதிய 12 விதிகளில் முதலாவதே கழிவு உண்டாகாமல் தடு என்பதுதான். அதை நான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன், வெட்கக்கேடு.

நானோ எல்லாம் பள்ளிக்கு ஃபேஷன் என்பாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. குழாயில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல்தானே என்றேன். உடனே எட்டுக் குழுவால் பெருக்கினார்கள், பிறகு வருஷங்களால். "ஒரு மில்லியில செஞ்சா கலர் தெரியாதா சார்?" என்றான் ஒருவன். செய்தோம். தெரிந்தது! இத்தனை வருஷமாக ஏன் 10 மி.லி. ஊற்றினேன்? செய்முறைத் தாளில் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது மிச்சத்தில் உப்புப் போடுகிறேன். மீந்த அயனி வெள்ளி குளோரைடாகப் படிகிறது, துகள்களும் திரண்டு கீழே இறங்குகின்றன. எல்லாம் ஒரு பழுப்பு பாட்டிலில். அதில் 'சாருடைய பாவம்' என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள்.

பாட்டில் பாதி நிறைந்துவிட்டது. கழிவிலிருந்து வெள்ளியை மீட்டேன் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டாயே, அந்த முறையை எழுது. நிஜமாகச் செய்தாயா என்பதையும் சேர்த்து எழுது.

உன்,
சேகர்