வூஹானின் தொழில் வரலாறு: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனத் தொழில் நகரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 2018 ஏப்ரலில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்த இடம், அதன் தொடர்ச்சியாகவே 2019 அக்டோபரில் மாமல்லபுரம் சந்திப்பு நடந்தது, பிறகு கொரோனாவால் உலகமே அறிந்த பெயர் என்று வூஹானை அறிமுகப்படுத்தியது வரை சரிதான். ஆனால் 1978-க்குப் பிந்தைய பொருளாதாரச் சீர்திருத்தங்களால் வயல்வெளிகளுக்கு நடுவே திடீரென எழுந்த நகரம் அது என்ற பொருள்படக் கட்டுரையாளர் எழுதியிருப்பது பெரும் பிழை. அவர் சொல்வது ஷென்சென் நகரத்தின் கதை. வூஹானில் இரும்பு உருக்கும் ஊதுலை 1894-இலேயே பற்றவைக்கப்பட்டுவிட்டது. அதாவது, நம் நாட்டில் ஜாம்ஷெட்பூர் என்ற ஊரே உருவாகாத காலத்தில்.

வூஹான் என்பது உண்மையில் மூன்று ஊர்கள். யாங்சி ஆற்றின் தென்கிழக்குக் கரையில் இருப்பது வூச்சாங். ஆளுநர்களும் அரசுப்பணித் தேர்வு எழுத வந்த படிப்பாளிகளும் வாழ்ந்த பழைய நிர்வாக நகரம். எதிர்க்கரையில், யாங்சியின் மிக நீளமான துணையாறான ஹான் வந்து கலக்கும் இடத்தில், அந்தத் துணையாற்றுக்குத் தெற்கே ஹான்யாங், வடக்கே ஹான்கோவ். இவற்றில் ஹான்கோவ்தான் வயதில் இளையது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹான் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்ட பிறகுதான் அது தனிக் கரையாகப் பிரிந்தது. அதற்குப் பிறகே அங்கு வணிகர்கள் குடியேறிப் பெருஞ்சந்தை உருவானது. வடக்கு தெற்காகச் சாலையும் பின்னாளில் ரயிலும், கிழக்கு மேற்காக ஆறும் குறுக்கிடும் இடம் இது. கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே இருந்தபோதிலும் கோடை வெள்ளத்தில் பெரிய கப்பல்கள் இங்கு வரை வர முடிந்தது. அதனால்தான் 1861-இல் ஹான்கோவ் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் முதலில் பிரிட்டனும், 1895-க்குப் பிறகு ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், ஜப்பான் ஆகியவையும் கரையோரமாக வரிசையாகத் தங்களுக்கென நிலப்பகுதிகளைப் பெற்றுக்கொண்டன. ரஷ்ய வணிகர்கள் இங்கு நீராவி இயந்திரங்களை நிறுவித் தேயிலைத் தூளைச் செங்கல்போல அழுத்தி, சைபீரியாவுக்கும் மங்கோலியாவுக்கும் அனுப்பினார்கள்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத ஹான்யாங் இரும்பாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குவாங்சோவில் ஆளுநராக இருந்த ஜாங் ஜிடோங், சீனாவின் ரயில் பாதைகளுக்கான தண்டவாளங்களைச் சீனாவிலேயே வார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தில் உலைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். சாமான்கள் வந்து சேர்வதற்குள் 1889-இல் அவரை ஹூபே, ஹூனான் மாகாணங்களுக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த ஆளுநருக்கு இந்தத் திட்டத்தில் அக்கறை இல்லை. எனவே அதிகாரியோடு சேர்ந்து ஆலையும் மாற்றலாகி வந்தது. இரும்புத் தாது கிடைத்ததோ ஆற்றில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கீழே உள்ள தாயே என்னும் ஊரில். ஆயினும் வூச்சாங்கில் இருந்த தம் அலுவலகத்துக்கு எதிர்க்கரையிலேயே இருந்தால் கண்காணிக்க வசதி என்று ஹான்யாங்கின் ஆமைக்குன்று அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார். தாது சுரங்கத்திலிருந்து ரயிலில் ஆற்றங்கரைக்கு வந்து, படகில் ஏறி, நீரோட்டத்துக்கு எதிராக மேலே வர வேண்டியிருந்தது. உலைக்கு ஏற்ற கற்கரி அருகில் எங்கும் கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் உலையின் உட்சுவரில் இருந்தது. தாதுவையும் கரியையும் முன்கூட்டியே பரிசோதிக்காமல் வாங்கிய பெஸ்ஸமர் உலைகள் அவை. அவற்றின் உட்சுவர் சிலிக்கா செங்கலால் ஆனது. தாயே தாதுவில் பாஸ்பரஸ் கூடுதல். சிலிக்கா உட்சுவர் உள்ள உலையில் அந்தப் பாஸ்பரஸ் கசடாகப் பிரியாமல் எஃகிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட எஃகில் செய்த தண்டவாளம் குளிரில் விரிசல் விட்டு உடையும். சுண்ணாம்பைச் சேர்த்துக் கசடாக்கி, டோலமைட், மக்னசைட் போன்ற காரச் செங்கல் பதித்த உலையில் உருக்கினால் இந்தத் தொல்லை தீரும். மக்னசைட் வெட்டியெடுக்கும் சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஹான்யாங்கில் இது பிடிபட ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. 1904-இல் தாது மாதிரிகளை மேல்நாட்டுக்கு எடுத்துச்சென்று சோதித்த பின்னரே காரணம் உறுதியானது. பழைய உலைகளைக் கைவிட்டு, காரச் செங்கல் பதித்த மார்ட்டின் வகை உலைகளை நிறுவினார்கள். அதன் பிறகு தரமான தண்டவாளம் வந்தது.

இதற்கிடையில் அரசிடம் பணம் தீர்ந்துவிட்டது. 1896-இல் ஆலை ஷெங் ஷுவான்ஹுவாய் என்னும் அதிகாரி-வணிகரின் நிர்வாகத்துக்குப் போனது. அவர் ஜியாங்சி மாகாணத்தின் பிங்சியாங்கில் நிலக்கரிச் சுரங்கத்தைத் திறந்தார். அந்தக் கரி ரயிலில் சியாங் ஆற்றுக்கு வந்து, டோங்டிங் ஏரியைக் கடந்து, யாங்சி வழியாக ஹான்யாங்குக்கு வந்தது. 1908-இல் ஆலை, தாதுச் சுரங்கம், கரிச் சுரங்கம் மூன்றும் ஹான்யேபிங் என்ற ஒரே நிறுவனமாயின. ஆனால் மூலதனத்துக்கு வழி வெளிக்கடன்தான். 1904-இல் ஜப்பானிடம் வாங்கிய 30 லட்சம் யென் கடனுக்கு 30 ஆண்டு தவணை. அடைப்பதோ தாயே தாதுவைக் கொண்டு. அந்தத் தாது யாவட்டா இரும்பாலைக்குக் கப்பலேறியது. மேலும் மேலும் கடன் வாங்கியதில் நிறுவனம் ஜப்பானியரின் பிடியில் சிக்கியது. 1920-களில் ஹான்யாங் உலைகள் அணைந்த பிறகும் தாதுக் கப்பல்கள் மட்டும் நிற்கவில்லை. கடைசியாக 1938-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, இயந்திரங்களைக் கழற்றி யாங்சியில் ஏற்றி மேற்கே சோங்சிங்குக்குக் கொண்டுபோனார்கள். சோங்சிங்கின் எஃகுத் தொழிலுக்கு அதுவே வித்து.

இந்த வரலாற்றை விட்டுவிட்டு வூஹானின் வளர்ச்சியை ஒரு கொள்கை மாற்றத்தின் பலனாக மட்டும் காட்டுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அங்கே ஆலைகள் மூலப்பொருளைத் தேடிப் போகவில்லை. ஆற்றையும் ஆட்சியாளரின் அலுவலகத்தையும் தேடி வந்தன. 1950-களிலும் அதேதான் நடந்தது. சோவியத் உதவியோடு சிங்ஷான் பகுதியில் கட்டப்பட்ட வூஹான் எஃகு ஆலையில் 1958 செப்டம்பர் 13 அன்று முதல் இரும்பு வடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் யாங்சியின் மீது 1,670 மீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ரயில், மேல்தளத்தில் சாலை. அதுவரை பெய்ஜிங்கிலிருந்து வரும் ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கடத்தினார்கள். 1970-களில் அதே ஆலைக்கு ஜப்பானிலிருந்தும் மேற்கு ஜெர்மனியிலிருந்தும் தகடு உருட்டும் பெரிய இயந்திரங்கள் வாங்கப்பட்டன. கட்டுரையாளர் தொடக்கமாகக் கொண்ட 1978-இல், அந்நகரத்தில் ஏற்கெனவே இரண்டாம் தலைமுறை எஃகு ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. 2016-இல் அது ஷாங்காயின் பாவ்ஸ்டீலுடன் இணைக்கப்பட்டது. எஃகு மிகுந்துபோன காலத்தில் அது கௌரவமான இணைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளத்தைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. ஹான்கோவில் 1865 முதல் நீர்மட்டம் குறித்து வைக்கப்படுகிறது. 1931-இல் அது 28.28 மீட்டரைத் தொட்டபோது கரை உடைந்து நகரம் மூழ்கியது. 1954-இல் 29.73 மீட்டர், அதுவே இன்றுவரை உச்சம். ஆனால் அப்போது கரையைக் காத்துவிட்டார்கள். நகரத்தின் பெரும்பகுதி தாழ்நிலமும் ஏரிகளும் கொண்டது. ஜாங் ஜிடோங் 1905-இல் ஹான்கோவுக்குப் பின்புறம் கட்டிய கரைதான் சதுப்பு நிலத்தை வீட்டுமனையாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைத்தது. பின்னர் வந்தவர்கள் ஏரிகளையும் தூர்த்தார்கள். 2015-இல் மழைநீரை உறிஞ்சித் தேக்கும் 'பஞ்சு நகரம்' திட்டத்துக்கு வூஹான் தேர்வானது. மறு ஆண்டு ஜூலையிலேயே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. சீர்திருத்த காலத்தின் வேகத்துக்குக் கொடுத்த விலையைக் கட்டுரையாளர் தேடியிருந்தால் இங்கே கிடைத்திருக்கும்.

கார், ஒளியிழை, சிப்பு ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியது பெரும்பாலும் சரி. ஒன்று மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஒளியிழைக்கு அங்கே வேர் 1970-களிலேயே உண்டு. ஜாவ் ஸிசென் தலைமையில் அஞ்சல் தொலைத்தொடர்பு ஆய்வகத்தில் 1976-இல் இழை இழுத்துக் காட்டினார்கள். டோங்ஃபெங் கார் நிறுவனத்தின் தலைமையகம் ஹூபே மாகாணத்தின் ஷியான் மலைப்பகுதியிலிருந்து வூஹானுக்கு வந்தது 2003-இல்; பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டாகத் தயாரித்த கார்களின் விற்பனை பின்னர் சரிந்ததும் அங்கேதான். நினைவகச் சிப்பு செய்யும் யாங்சி மெமரி நிறுவனத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சிப்பு ஆலைக்கான இயந்திரங்களை அந்நிறுவனம் இப்போது வேறு வழிகளில் தேட வேண்டியிருக்கிறது. ஜாங் ஜிடோங்குக்கு உலை விற்க எவரும் மறுக்கவில்லை. தாது எப்படிப்பட்டது என்று அவர் பார்க்காமல் விட்டதுதான் பிரச்சினையாக இருந்தது.

கட்டுரையின் மின்பதிப்பிலாவது '1978-க்குப் பிறகு எழுந்த நகரம்' என்ற வரியைத் திருத்தி, ஹான்கோவ் திறக்கப்பட்ட 1861, ஹான்யாங் உலை பற்றவைக்கப்பட்ட 1894 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். வரைபடத்தில் ஹான் ஆறே இல்லை. அதையும் வரைந்தால், மூன்று ஊர்களும் எங்கே பிரிகின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஃகு ஆலைத் தொழில்நுட்பர்,
சேலம்