மாடிக் குழாயும் புவியியல்தான்

ஐயா,

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இந்திய வரைபடத்தில் பருவக்காற்றுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். தமிழகத்துக்கு ஏறக்குறைய பாதி மழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்று சரியாகவே சொன்னாள். சரி, நம் மாடியில் விழும் மழை எங்கே போகிறது என்றேன், முழித்தாள். இருவரும் போய்ப் பார்த்தோம். மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் ஜல்லிக்கு மேல் சேறு, இரண்டு பால் கவர். 2003-இல் கட்டாயமாக்கிய திட்டம், எங்கள் வீட்டிலேயே இந்த லட்சணம்! பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தலமானது (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அவளுக்கு மனப்பாடம்; பள்ளியிலிருந்து பேருந்தில் போய்விடலாம், ஒருமுறைகூட அழைத்துப் போனதில்லை. உள்ளூர் ஏரியின் வரத்துக்கால்வாயை நடந்து பார்த்து வரைந்து வந்தால், அதற்கும் மதிப்பெண் கொடுக்கலாமே.

- ஒரு வாசகி, தாம்பரம்