வகுப்பறையில் நடப்பது வீட்டுக்கும் தெரிய வேண்டும்: தருமபுரி மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர்கள், வட்டாரக் கல்வி அலுவலர்கள், நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டாரத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் தந்தை என்ற முறையிலும், காலையும் மாலையும் ஊர்மக்கள் அத்தனை பேரையும் பார்க்கும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவன் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அதை எப்படிப் படிக்கிறார்கள், நாள்தோறும் பள்ளிக்கு வருகிறார்களா என்ற மூன்றும் மாதம் ஒரு முறையாவது அவர்களுடைய வீடுகளுக்கு, வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும் விதத்தில் வந்து சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பள்ளியிலிருந்து தகவலே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. வகுப்புதோறும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஆதார் நகல் கேட்கிறார்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கேட்கிறார்கள், சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்று விசாரிக்கிறார்கள், சீருடைக்கு அளவெடுக்கும் நாளைச் சொல்கிறார்கள், சுதந்திர நாள் விழாவின் படங்களைப் போடுகிறார்கள். இவை தேவையானவைதாம். ஆனால் இந்த மாதம் கணக்கில் எந்தப் பாடம் நடக்கிறது, அறிவியலில் எது பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது, வீட்டில் என்ன கேட்டால் பிள்ளைக்கு உதவியாக இருக்கும் என்று ஒரு வரிகூட அக்குழுக்களில் வந்து நான் பார்த்ததில்லை.

வருகிற தகவலும் வந்த மாதிரியே போய்விடுகிறது. காலையில் பால் ஊற்றிவிட்டுக் கேனைக் கவிழ்த்து வைக்கும் ஆயாக்கள் (எங்கள் ஊர் வழக்கில் பாட்டிமார்), இடுப்பில் செருகிய பையிலிருந்து கைபேசியை எடுத்து, “பள்ளிக்கூடத்துல இருந்து ஏதோ வந்திருக்குதாம், என்னன்னு பாரு கண்ணு” என்று என்னிடம் நீட்டுவது வழக்கம். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அது தலைமை ஆசிரியர்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கை; “மேற்காண் பொருள் சார்ந்து” என்று தொடங்கி, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று செயல்முறை ஆணைகளின் எண்களை அடுக்கி, மூன்றாம் பக்கத்தின் அடியில் பெற்றோர் செய்ய வேண்டியதை அரை வரியில் சொல்லும் கடிதம். அலுவலகத்துக்கு எழுதப்பட்டதை அப்படியே தள்ளிவிட்டால் பெற்றோருக்குத் தெரிவித்ததாகக் கணக்கில் ஏறலாம். அந்த ஆயாவுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக, ஏறத்தாழ 68.5 விழுக்காட்டுடன், நம் தருமபுரி இருந்தது. பெண்களில் அது 60 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. இன்று நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலரும், பாட்டிமார் மிகப் பலரும் அந்தக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகப் பதிவானவர்கள். இன்னொரு பக்கம், பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் குடும்பங்களில் தாயும் தந்தையும் பெங்களூருவில் கட்டட வேலைக்கோ திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ போய்விட, பிள்ளையை ஆயாவிடம் விட்டுச் செல்வது ஊரறிந்த நடப்பு. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் எண் பெங்களூருவில் சாரத்தின்மேல் நிற்கும் அப்பாவின் எண். பிள்ளையோடு இருப்பது பொத்தான் கைபேசி வைத்திருக்கும் பாட்டி. செய்தி ஓரிடத்துக்கும் பிள்ளை வேறிடத்துக்கும் போகும் இந்த நிலையை மனத்தில் வைத்தே எந்த ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்.

நடுநிலை வகுப்புகளை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துச் சொல்கிறேன் என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்புவரை பிள்ளை பெரும்பாலும் உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில், ஒன்றிரண்டு ஆசிரியர்களிடம் படிக்கிறது. அந்த ஆசிரியரைத் தாய் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் பார்க்கிறாள். “உங்க பையனுக்குக் கழித்தல் வரமாட்டேங்குது” என்று அவர் நின்றபடியே சொல்லிவிடுகிறார். ஆறாம் வகுப்பில் பிள்ளை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கு நடந்தோ பேருந்திலோ போகத் தொடங்குகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்றாகிறது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. அதுவரை பேச்சுவாக்கில் வந்துகொண்டிருந்த தகவல் அந்த ஆண்டோடு நின்றுபோகிறது. அதற்கு ஈடாக எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை.

மதிப்பீட்டு முறையும் இந்த அமைதிக்குத் துணைபோகிறது. முப்பருவ முறையில், வகுப்பில் அவ்வப்போது செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்து, அதைத் தரக் குறியீடாக மாற்றி அட்டையில் தருகிறார்கள். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற நம் மாநிலத்தின் நிலைப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நிறுத்தி வைத்திருந்தால் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தோல்வி இல்லாத முறையில் பிள்ளையின் நிலையைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஆசிரியருக்குக் கூடுகிறது. அட்டையில் ‘பி2’ என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினால், பின்னம் கூட்டத் தெரியாமலே பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறது என்பது அதில் கைநாட்டு வைக்கும் தாய்க்கு எப்படித் தெரியும்? ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து, “இவனுக்கு அடிப்படையே இல்லையே” என்று உயர்நிலைப் பள்ளியில் சொல்லும்போதுதான் வீடு முதல் முறையாகக் கேள்விப்படுகிறது. அதற்குள் மூன்றாண்டுகள் போய்விட்டன.

குடும்பங்கள் முக்கியமான முடிவுகளை எடுக்கும் பருவமும் இதுதான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த பெண்கள் உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் 2020 முதல் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற வரம்பைத்தான் வைத்திருக்கிறது. இது தெரியாமல், ஏழாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பின்னால் வருந்தும் பெற்றோரை நான் அறிவேன். மாற்றக் கூடாது என்பது என் வாதமன்று. தெரிந்து முடிவெடுக்கட்டும் என்கிறேன். எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தெரிவாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் குழுவில் போடும் அறிவிப்பை நம்பி அந்தத் தேர்வுக்கு எந்தப் பிள்ளையும் தயாராக முடியாது. ஏழாம் வகுப்பு முடியும்போதே வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். வயதுக்கு வந்தபின் ஒரு வாரம், பத்து நாள் என்று பள்ளிக்கு வராமல் இருந்து, அப்படியே நின்றுவிடுவது பெரும்பாலும் ஏழு, எட்டாம் வகுப்புகளில்தான் தொடங்குகிறது. குழந்தைத் திருமணம் இன்னும் நடக்கும் மாவட்டம் இது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வருகைப் பதிவு நாள்தோறும் செயலியில் ஏறுகிறது. சென்னையில் இருப்பவர் பார்க்க முடிகிற அந்தப் பதிவு, இலவசப் பேருந்து அட்டையோடு புறப்பட்ட பேத்தி பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று அவளுடைய பாட்டிக்குச் சொல்வதில்லை. தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். குறுஞ்செய்தி போதாது, மனிதர் பேச வேண்டும்.

இவற்றை நான் சலுகையாகக் கேட்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 24ஆம் பிரிவில், ஆசிரியர் பெற்றோரோடு முறையாகக் கூட்டம் நடத்திப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று அவருடைய கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதே சட்டம் 21ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் நம் மாநிலத்தில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது ஊரில் நல்ல எதிர்பார்ப்பு இருந்தது. இன்று அக்கூட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் பற்றித் தீர்மானம் எழுதுகிறோம், சரிதான். பாடம் நடப்பதைப் பற்றிப் பேச எழுந்தால், அது ஆசிரியர்களைக் குறை சொல்வதாகக் கருதப்படுமோ என்று எல்லாரும் தயங்கி உட்கார்ந்துவிடுகிறோம். கூட்டம் பெரும்பாலும் வேலைநாளின் பிற்பகலில் நடக்கிறது. நூறு நாள் வேலைக்கோ தக்காளி பறிக்கவோ போன தாய், அந்த நாளின் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.

எளிதில் செய்யக்கூடியதாக நான் கருதுவதைச் சொல்கிறேன். ஒவ்வொரு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையும், தமிழ்ப் பாடவேளையில், பிள்ளைகளே தம் வீட்டுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். இந்த மாதம் ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தேன், எது நன்றாக வந்தது, எது புரியவில்லை, அடுத்த மாதம் என்ன வருகிறது என்று எழுதி, வகுப்பாசிரியர் அடியில் ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பட்டும். கடிதம் எழுதுதல் பாடத்திலேயே இருக்கிறது. இதற்குத் தனி நேரமும் தனிச் செலவும் வேண்டாம். எழுத்தறியாத பாட்டிக்கு அந்தப் பிள்ளையே படித்துக் காட்டும். பெங்களூருவில் இருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்லும்.

அப்படிச் சொல்லும்போது என்ன நடக்கும் என்பதற்கு என் வீட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஏழாம் வகுப்புக் கணக்கில் நேர் விகிதம், எதிர் விகிதம் என்று ஒரு பாடம் வருகிறது. என் மகள் அது புரியாமல் புத்தகத்தை மூடி வைத்திருந்த நேரத்தில், ஊருக்கு வந்திருந்த அவளுடைய மாமா, மேஸ்திரி வேலை செய்பவர், “எட்டு ஆள் ஆறு நாள்ல பூசுற சுவத்தை நாலு ஆளை விட்டா எத்தனை நாள் ஆவும்?” என்று கேட்டார். “பன்னெண்டு நாள்” என்றாள். “ஆள் குறைஞ்சா நாள் கூடும், அவ்வளவுதான் இந்தப் பாடம்” என்றார் அவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் அவர். இந்த மாவட்டத்தில் மேஸ்திரிகளும் தறி ஓட்டுபவர்களும் மாங்காய் வியாபாரிகளும் பாலுக்குக் கொழுப்பு பார்த்துக் காசு வாங்குபவர்களும் நிறைந்திருக்கிறார்கள். எந்தப் பாடம் நடக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் தம் பிள்ளைகளோடு பேசுவதற்கு அவர்களுடைய தொழிலே போதும்.

பிள்ளை எழுதும் கடிதத்தில் பிள்ளை மறைக்க விரும்புவது வராது. அதனால் ஆசிரியரின் குரலும் தேவை. மாதம் ஒரு முறை வகுப்பாசிரியர் ஒரு நிமிட ஒலிப்பதிவாக, நேரில் பேசுவது போன்ற தமிழில், வகுப்பின் பொது நிலையைச் சொல்லட்டும். எங்கள் பக்கத்தில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இருப்பதால், அந்த மொழி தெரிந்த ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் அதிலும் ஒரு முறை சொல்லலாம். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையோ வராதவர் பட்டியலையோ குழுவில் போடுவது மட்டும் உடனே நிற்க வேண்டும். ஊரார் அத்தனை பேர் கண்ணிலும் படும்படி பெயர் வந்தபின் அந்தத் தாய் பள்ளிப் பக்கமே வருவதில்லை.

கூட்டத்தின் நாளையும் மாற்றிப் பார்க்கலாம். ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் ஊரூர் மாரியம்மன் பண்டிகைக்கும் வெளியூரில் வேலை செய்யும் பெற்றோர் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக்கு மாவட்டமே உள்ளூர் விடுமுறை எடுக்கிறது. அதற்கு அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால், ஆண்டு முழுவதும் காண முடியாத தந்தையரை ஒரே நாளில் காணலாம்.

ஆசிரியர்களின் சுமையை நான் அறியாதவன் அல்லன். செயலிகளில் பதிவேற்றுவதிலேயே அவர்களுடைய காலைப் பொழுது கரைகிறது. ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளும் உண்டு. அதனால் இந்த வேலையைச் செய்ததற்குச் சான்றாகப் படம் எடுத்து அனுப்பு, படிவம் நிரப்பு என்று இன்னொரு வேலையை அதன்மேல் ஏற்றிவிடாதீர்கள் என்று அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் வீட்டுக்குப் போனதா என்பதை மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மாரே வீட்டில் கேட்டுச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் சங்கத்தின் வாசலில், பால் அளக்கும் மேசைக்கு எதிரே உள்ள சுவரில், பள்ளிக்கென ஒரு கரும்பலகைக்கு இடம் ஒதுக்கச் சங்கத்தில் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அந்த மாதத்துப் பாடங்களையும் தேர்வு நாட்களையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் எழுதட்டும்; படிக்கத் தெரியாதவர்களுக்கு நானும் என்னோடு வேலை செய்பவரும் படித்துச் சொல்கிறோம். வரும் மாதத்து மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக முன்வைக்கப் போகிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன்பாக ஒவ்வொரு வட்டாரத்திலும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளிலாவது இதைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை,
பென்னாகரம் வட்டாரம், தருமபுரி மாவட்டம்.