கதிர்காமக் காட்டுப்பாதை: திறக்கும் நாளைத் தை மாதத்திலேயே சொல்லுங்கள்

அம்பாறை, மொனராகலை மாவட்டச் செயலாளர்களுக்கும், குமண, யால பூங்காக்களைப் பராமரிக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரையாக நடந்தால் 500 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை மலை முருகனிடம் வந்து, அங்கிருந்து காட்டுக்குள் நுழையும் பாதை இது. ஒரு சாமி (பாதயாத்திரை அடியார்) நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் நடப்பார். வழியிலுள்ள கோயில்களில் தங்கும் நாட்களையும் சேர்த்தால் ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. ஆகவே உகந்தையில் காட்டுப்பாதைக் கதவு என்றைக்குத் திறக்கும் என்பது சந்நிதியில் புறப்படும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கதிர்காமத் திருவிழாவின் கொடியேற்றம் அமாவாசையை ஒட்டியும், மாணிக்க கங்கையில் நீர்வெட்டுத் தீர்த்தம் பௌர்ணமியை ஒட்டியும் வரும். சில ஆண்டுகளில் ஜூன் நடுப்பகுதியிலேயே கொடியேறிவிடும். சில ஆண்டுகளில் ஜூலைக் கடைசி வரை தள்ளிப்போகும். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி ஒரு மாதத்துக்கும் கூட. ஆனால் திதி முன்கூட்டியே கணிக்கக்கூடியதுதானே. கொடியேற்ற நாளைக் கதிர்காமத் தேவாலய நிருவாகத்தாரிடம் உறுதிசெய்து, காட்டுப்பாதை திறக்கும் நாளையும் மூடும் நாளையும் தை மாதத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கலாம். அறிவித்தபின் மாற்றாதிருப்பது அதைவிட முக்கியம். திறப்பு ஒரு வாரம் பிந்தினால் வடக்கிலிருந்து நடந்து வந்தவர்கள் உகந்தையில் தேங்குவார்கள்; அத்தனை பேருக்கும் அங்கே கிணற்று நீர் போதாது. முந்தினாலோ, திருக்கோவிலுக்கு வடக்கே நிற்பவர்கள் இரவிலும் நடந்து பிடிக்கப் பார்ப்பார்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வாகனம் ஓயாத கார்ப்பெட் வீதியில் இரவு நடை எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

காட்டுக்குள் முதற்கவலை தண்ணீர். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்; வில்லுகள் (காட்டுக் குளங்கள்) வற்றும்; வியர்வை உடம்பில் நிற்காமல் காய்வதால் எவ்வளவு நீர் இழக்கிறோம் என்பதே நடப்பவருக்குத் தெரியாது. குடிக்க 5 லீற்றர், சமைக்கவும் கழுவவும் 3 லீற்றர், ஆக ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லீற்றர் என்று கணக்கிடுங்கள். ஓரிடத்தில் ஓர் இரவு 2,000 பேர் தங்கினால் 16,000 லீற்றர், அதாவது 4,000 லீற்றர் பவுசர் (தண்ணீர் வண்டி) நான்கு.

பவுசர் வந்தாலும் வரிசை நகராதிருக்கும். காரணம் குழாய். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 10 லீற்றர் வருகிறதென்று வையுங்கள். 2,000 பேர் ஆளுக்கு 2 லீற்றர் பிடித்து முடிக்க 400 நிமிடம், ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். எட்டுக் குழாய் பூட்டினால் 50 நிமிடத்தில் முடிந்துவிடும். தாங்கி ஒன்றுக்கு ஒரு குழாய் என்ற வழக்கத்தை விட்டு, தாங்கியிலிருந்து நீளமாக ஒரு குழாய் இழுத்து, அதில் இருபக்கமும் நான்கு நான்காக வாய் வையுங்கள். தாங்கிகளை மரநிழலில் வைக்க வேண்டும். வெயிலில் குளோரின் சீக்கிரம் போய்விடும். 1,000 லீற்றருக்கு 33 வீதப் பிளீச்சிங் தூள் 6 கிராம் அளவில் கரைத்து, அரை மணி கழித்துச் சோதித்தால் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் நீரானால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளியவிட்டுத்தான் தூள் போட வேண்டும்.

குமுக்கன் ஆற்றில் சாமிமார் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பது பழைய வழக்கம். மணல் நீரை வடிகட்டும், மலக்கிருமியை முழுதாகத் தடுக்காது. மலசலகூடக் குழிகள் ஆற்றங்கரையிலிருந்து 30 மீற்றருக்காவது அப்பால், ஊற்றுத் தோண்டும் இடத்துக்குக் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். மேற்புறத்தில் குழி வைத்தால் அடுத்த தங்குமிடத்திலேயே வயிற்றோட்டம் தொடங்கிவிடும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகளை உகந்தையில் கொடுத்து முடித்துவிடாமல் நாவலடி, வியாழை ஆகிய காட்டுத் தங்குமிடங்களிலும் வையுங்கள். ஒரு பொதி, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். பொதியை அரைப் போத்தலில் கரைப்பவர் நிறையப் பேர். உப்பு கூடிப்போனால் அது மருந்தல்ல.

குமுக்கன் ஆற்றோடு கிழக்கு மாகாணம் முடிந்து ஊவா தொடங்குகிறது. நடப்பவருக்கு அந்த எல்லை தெரியாது, அவரது தாகத்துக்கும் தெரியாது. உகந்தையில் தினமும் உள்ளே போவோரின் எண்ணிக்கையை எழுதி, அன்று மாலையே மொனராகலைப் பக்கத்துக்கு அறிவியுங்கள். அந்தத் தொகை இரண்டு மூன்று நாளில் அப்படியே அடுத்த தங்குமிடங்களில் போய் நிற்கும்.

கதவை விடியலோடு திறந்து, பகல் 11 மணிக்குமேல் எவரையும் உள்ளே விடாதீர்கள். கொடியேற்றத்துக்கு முந்திய இரவுகள் தேய்பிறை. முன்னிரவில் நிலவே இராது. இந்த மாதங்களில்தான் பாலை மரமும் வீரை மரமும் பழுக்கின்றன. கரடி பழத்துக்கு மரத்தடியிலும் மரத்திலும் இருக்கும். வெயில் தாங்காமல் பாலை நிழலில் சாய்பவர் மேலே பார்ப்பதில்லை. தங்குமிடங்களுக்குப் பாலை மரம் அடர்ந்த இடத்தைத் தவிர்த்து, யானை தண்ணீருக்கு இறங்கும் தடத்தையும் ஆற்றின் ஆழமான மடுக்களையும் சிவப்புத் துணி கட்டி அடையாளப்படுத்துங்கள். மடுவில் முதலை கிடக்கும். குளிக்கக் கணுக்கால் அளவு ஓடும் நீரே போதும்.

அன்னதானம் கொண்டுவரும் அன்பர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சோறில்லாமல் இந்த யாத்திரையே இல்லை. பொலித்தீன் தாளில் சுற்றிய பொதியை மட்டும் உள்ளே விடாதீர்கள். சோற்று மணத்துக்கு மான் அந்தத் தாளையும் சேர்த்தே தின்கிறது. தாமரை இலை, வாழை இலை, அவரவர் தட்டு போதும். சமைத்த சோறு அந்த வெக்கையில் நான்கு மணித்தியாலம் தாங்காது. அவல், சர்க்கரை, பேரீச்சம்பழம் என்றால் காட்டின் மறுமுனையிலுள்ள கட்டகாமம் வரை கெடாது.

கடைசியாக, மூடும் நாள். கதவு மூடப்பட்டதும் பவுசரையும் முதலுதவிக் கூடாரத்தையும் எடுத்துவிடலாகாது. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு ஐந்தாறு நாள் நடை. கடைசி நாள் நுழைபவர்களில் முதியவர்களும் கால் கொப்புளித்தவர்களும் அதிகம். அவர்கள் கட்டகாமம் சேர்வதற்குள் தாங்கி வறண்டிருக்கக் கூடாது. மூடிய நாளிலிருந்து முழுதாக ஆறு நாள் தண்ணீர் ஓடட்டும். உகந்தையில் எழுதிய எண்ணிக்கையும் கட்டகாமத்தில் எண்ணிய எண்ணிக்கையும் சரிவந்த பிறகு தாங்கிகளை ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
பாதயாத்திரை அடியார்கள்