மர வீட்டின் பகை மழையன்று, அடைபட்ட ஈரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மர வீடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெயிலும் மழையும் மாறிமாறி வாட்டும் வெப்பமண்டல நாட்டில் மரம் உளுத்துப்போவது இயற்கை என்றும், அவற்றைப் பழுது பார்ப்பது வீண்செலவு என்பதால் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவதே அறிவுடைமை என்றும் கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மரம் நனைவதால் மட்டும் கெடுவதில்லை. நனைந்த பின் காய வழியில்லாதபோதுதான் கெடுகிறது. நல்ல நிலையில் இருந்த பல வீடுகள், புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் அந்த வழி அடைக்கப்பட்ட பிறகே சீரழிந்தன என்பதைக் கட்டுரை கவனிக்கவில்லை.

மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு, மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தாக வேண்டும். அது செழித்து வளர 30 விழுக்காடு அளவுக்காவது தேவைப்படும். கூரைக்குக் கீழே காற்றோட்டத்தில் இருக்கும் மரமோ, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நின்றாலும், 16 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். ஆகவே புழுக்கம் மிகுந்த நாட்டிலும் ஒழுகாத கூரையின் கீழுள்ள உத்திரம் அழுக வேண்டிய கட்டாயம் இல்லை. மழைக்குப் பெயர்போன கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மர மண்டபங்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அடிக்கடி வெள்ளம் புகும் வியட்நாமின் ஹோய் ஆன் நகரம், அதன் மரச்சட்ட வீடுகளுக்காகவும் சேர்த்தே 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

அன்றைய தச்சர்கள் தூணை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்தியதும், கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்தைச் சுவரைத் தாண்டி நன்றாக நீட்டியதும், தரையை உயர்த்தி அடியில் காற்று புக விட்டதும் அழகுக்காக மட்டும் அல்ல. இன்று புதுப்பிப்பவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இந்த ஏற்பாடுகளில்தான்.

எடுத்துக்காட்டாகத் தூணின் அடிப்பகுதியைப் பார்ப்போம். அடி சற்றே அரித்திருப்பதைக் கண்டதும் அதைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே வண்ணமும் அடித்துவிடுவார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். மரம் காலநிலைக்கேற்பச் சுருங்கி விரிவதால் சில மாதங்களிலேயே சிமெண்டுக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை அளவில் பிளவு விழும். தூணில் வழியும் மழைநீர் அதற்குள் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழி இருக்காது. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பூச்சைத் தட்டி எடுத்தால், உள்ளே மரம் சிறுசிறு கட்டங்களாக வெடித்துப் பழுப்பேறி, திருப்புளியை அழுத்தினால் பிடிவரை இறங்கும் நிலையில் இருக்கும். மேலே ஓராள் உயரத்தில் அதே தூணைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்கும். கேட்டுக்குக் காரணம் மரமல்ல, அதற்குப் போட்ட உறைதான்.

கூரையிலும் இதுவே நடக்கிறது. ஓடுகளுக்கு இடையே இயல்பாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது. ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரத்தை நேரடியாகச் சட்டங்களின் மேல் ஏற்றினால், இரவில் குளிர்ந்த தகரத்தின் அடியில் நீர் வேர்த்துக் கைமரங்களின் மேல் சொட்டுகிறது. தகரம் போடுவது தவறென்று நான் சொல்லவில்லை. அதற்கு அடியில் காற்று நடமாட இடைவெளியும் முகட்டில் திறப்பும் வைக்காமல் போடுவதுதான் தவறு. குளிரூட்டிய அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே குளிர்வித்து, பலகைச் சுவரின் உட்பக்கத்தில் காற்று புகாத தாளையோ பிளாஸ்டிக் பலகையையோ ஒட்டினால், வெளியிலிருந்து புகும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தாளின் பின்புறத்தில் நீராகப் படியும். குளிர்நாட்டு வீட்டுக்குச் சொன்ன முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவதால் வரும் வினை இது.

எனவே வேலையின் வரிசைதான் முக்கியம் என்பது என் கருத்து. முதலில் கூரை, இறவாரம், மழைநீர்த் தகடு, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணின் சரிவு ஆகியவை சீராக வேண்டும். அதன்பின் வீடு காய்வதற்கு ஒரு பருவமாவது விட வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு இது கடினம்தான். பூச்சிக்கு மருந்து, தச்சு வேலை, கடைசியாக வண்ணம் என்று பிறகு போகலாம். நடைமுறையிலோ வண்ணத்தில் தொடங்கிக் கூரைக்குப் போவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது.

பூச்சி என்றதும் எல்லாவற்றையும் கரையான் என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். மண்ணிலிருந்து ஏறும் கரையான் தூணின் மீதோ அடித்தளத்தின் மீதோ மண்குழாய் கட்டிக்கொண்டு வரும். அதற்கு மண்ணின் ஈரத்தோடு தொடர்பு தேவை. தூணுக்கும் கல்லுக்கும் நடுவே விளிம்பு மடித்த உலோகத் தகடு வைத்தால் அது மறைந்து ஏற முடியாமல் வெளிப்படையாகக் குழாய் கட்ட நேரிடும், நம் கண்ணில் பட்டுவிடும். உலர்மரக் கரையானுக்கு மண்ணே வேண்டியதில்லை. உத்திரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அதன் அடையாளம், தரையில் சிறு குவியலாகக் கிடக்கும் கசகசா போன்ற எச்சம். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டைகளோடு தெரியும். மாவு போன்ற நுண்தூள் உதிர்ந்தால் அது மரவண்டின் வேலை. பெரும்பாலும் அது, உள்ளே இறுகிய வைரப் பகுதிக்குப் போகாமல், மரத்தின் வெளிப்புற மென்பகுதியான வெளிறோடு நின்றுவிடும். வீட்டைச் சுற்றித் தரையில் துளையிட்டு மருந்து ஊற்றினால் உத்திரத்தில் இருக்கும் உலர்மரக் கரையானுக்கு ஒன்றும் ஆகாது. எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்துக்குச் செலவிடுவதைவிடச் செலவிடாமலிருப்பதே மேல். மழைபடாத உட்புற மரத்துக்குப் போரான் உப்புக் கரைசல் நல்ல காப்பு. ஆனால் அது நீரில் கரைவதால், மழை படும் இடத்தில் பூசினால் கழுவிக்கொண்டு போய்விடும்.

தச்சு வேலைக்கு வருவோம். அடி கெட்ட தூணை முழுதாகப் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில் புதுத் துண்டைச் சாய்வாக இழைத்து, ஒன்றோடொன்று கவ்வும்படி மூட்டுப் போட்டு ஒட்டலாம். பழம்பெரும் மரக்கட்டடங்களைக் காப்பதற்கென இக்கோமாஸ் என்ற பன்னாட்டு அமைப்பு 1999இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளும், இயன்றவரை குறைவாகத் தலையிடவும், மாற்ற வேண்டிய இடத்தில் அதே மர இனத்தைப் பயன்படுத்தவும் சொல்கின்றன. இது வெறும் பழமைப்பற்று அன்று. அந்நாளில் முற்றிய காட்டு மரத்தில் அறுத்த வைரத்துக்கு இணையானது இன்று விரைவில் வளர்த்து வெட்டும் தோட்ட மரத்தில் கிடைப்பது அரிது. தேக்கு என்று வாங்கி வந்தாலும் ஓரமெல்லாம் வெளிறாக இருக்கும். போதாக்குறைக்கு அது ஈரமரமாகவும் இருந்துவிட்டால், காயக் காய அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. பொருத்தும்போது ஊசி நுழையாதபடி இருந்த மூட்டு, ஓராண்டில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்பது இதனால்தான். ஆணி விஷயத்திலும் சிக்கனம் பார்க்கலாகாது. துவர்ச்சத்து மிகுந்த கடினமரத்தில் சாதாரண இரும்பாணி கரும்புள்ளி இட்டு, தானும் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். கடற்காற்று வீசும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது.

மர வீடு தீப்பற்றும் என்பது கட்டுரையாளரின் மற்றொரு வாதம். மெல்லிய பலகை எளிதில் எரியும் என்பது உண்மைதான். கனத்த உத்திரம் அப்படியல்ல. மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குத் தடுப்பாக அமைவதால், நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நெருப்பு உள்ளே போகும். அஞ்ச வேண்டியது, உறை நொறுங்கிப்போன பழைய மின்கம்பிகளைத்தான். புதுப்பிக்கும் நாளில் கூரைக்கு அடுத்தபடியாகப் பணம் ஒதுக்க வேண்டியது இதற்கு. ஆளிவிதை எண்ணெய் தடவித் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடுவதும் அபாயமே. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. அந்த எண்ணெயைப் புழுக்கமான இடத்தில் பூசினால் கரும்பூசணம் பிடிக்கும் என்பதால் நானே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. சோதிக்காமல் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பினால், அந்தத் தூளால் முதலில் பாதிக்கப்படுவது தரையில் தவழும் குழந்தை.

இவ்வளவும் செய்தாலும் வீடு ஆண்டுதோறும் கவனிப்பைக் கேட்கும், மறுக்கவில்லை. மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றி, சருகை அள்ளி, தூணடியைத் தட்டிப் பார்த்துவிட்டால் பெரும் செலவு தள்ளிப்போகும். கான்கிரீட் வீட்டுக்கும் கவனிப்பு வேண்டும். அதன் கம்பி துருப்பிடிப்பது வெளியே தெரியாததால் நாம் கவலைப்படுவதில்லை, அவ்வளவே.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுப்பித்த மர வீடுகளைப் பற்றி இனி எழுதும்போது, வரவேற்பறையின் பளபளப்பான படத்தோடு நிறுத்திவிடாமல், தூணின் அடியையும் கூரையின் உட்புறத்தையும் படமெடுத்து வெளியிடுங்கள். வேலை நடந்து ஐந்தாறு மழைக்காலங்கள் கழித்து எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்