ஆண்டறிக்கை 2024–25: பெயர் வாசிக்காத முதல் வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஜெபித்துத் தொடங்கி வைத்த குருவானவர் ஐயா அவர்களே, மும்பைத் தாராவியிலிருந்தும் சயான், ஆண்டாப்ஹில், செம்பூர் பக்கத்திலிருந்தும் ஞாயிறு மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லாருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

பிள்ளைகளின் படிப்புக்கும் ஊரிலிருந்து வரும் நோயாளிகளின் சாப்பாட்டுக்கும் உதவுகிற நம் சங்கத்தின் நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. தணிக்கை முடிந்தது, சேரிட்டி கமிஷனர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாள்கள் போய்விட்டன. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி அடுத்து வாசிப்பார் என்பதால் தொகைகளுக்குள் நான் போகவில்லை. இந்த வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் உறுப்பினர்களுக்காகக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்றோம். வழக்கமான செய்திகள் இவ்வளவுதான். மீதி நேரத்தைப் போன பொதுக்குழுவில் நாம் எடுத்த தீர்மானத்துக்கே தருகிறேன்.

அந்தத் தீர்மானத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஊரில் கோயில் கொடைக்கும் சபைக் கட்டடத்துக்கும் வாங்குகிற மாதிரி குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவதை நிறுத்துவது ஒன்று. கூட்டத்தில் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வாசிப்பதை நிறுத்துவது இன்னொன்று. 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் பவுல், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்கிறார். தலைக்கட்டு வரி கட்டாயம். பெயர் வாசிப்பது கொஞ்சம் மரியாதையான கட்டாயம். பக்கத்து வீட்டுக்காரர் ஆயிரம் என்று மைக்கில் கேட்டபிறகு ஐந்நூறோடு நிற்க யாருக்கு மனசு வரும்? அதனால் வாசலில் ஒரு பெட்டி, பெயர் எழுதத் தேவையில்லாத கவர்கள், பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை என்று முடிவானது. க்யூஆரில் அனுப்பினால் பொருளாளர் போனில் பெயர் வந்துவிடும். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று நம்பித்தான் அவரிடம் விட்டோம். இதுவரை திறக்கவில்லை.

முதல் சில மாதங்கள் நிலைமை நன்றாக இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நேரம். நோட்டு, சீருடை, கட்டணம் என்று நம் சங்கத்துக்குச் செலவு அதிகமுள்ள மாதம் அதுதான். கவர்கள் வந்தன, ஆனால் பழைய பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வைப்பு நிதியில் கை வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கட்டாயத்தை எடுத்தால் மனப்பூர்வம் தானாக வந்து உட்காரும் என்று குழுவில் நினைத்தவர்கள் உண்டு. வரவில்லை.

ஆகஸ்டு வாக்கில் பெண்கள் ஐக்கியத்தில் ஓர் அக்கா கேட்டார்: "யார் குடுத்தாங்கன்னு சொல்லாதீங்க, சரி. எதுக்குக் குடுக்கணும்னாவது சொல்லலாமில்ல?" அதற்கு அப்புறம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போன மாதம் எதற்கு எவ்வளவு போனது, அடுத்த மாதம் என்ன தேவை என்று வாசிக்கத் தொடங்கினோம். தேவையும் செலவும் உரக்க வாசிக்கப்படும், பெயர் மட்டும் கிடையாது. பெட்டியை எப்போதும் மூன்று பேர் சேர்ந்துதான் திறக்கிறார்கள், அதில் ஒருவர் குழுவுக்கு வெளியே உள்ளவர். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைப் பவுலும் தனியாக எடுத்துப் போகவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் அனுப்பினார், யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணமும் எழுதினார். அந்த 8-ஆம் அதிகாரத்தைக் காணிக்கைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. 9-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பை நீட்டுகிறோம்.

வருடக் கடைசியில் மொத்தத் தொகை முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. கவர்களின் எண்ணிக்கை கூடுதல். பெரிய தொகைகள் சில நின்றுபோயின, சின்னத் தொகைகள் பல வந்தன. இது லாபமா நஷ்டமா என்று கேட்டால், பொருளாளர் ஒரு பதில் சொல்வார், நான் வேறு சொல்வேன்.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். கைப்பிடி அரிசி நம் ஊர்ப் பக்கத்து அம்மாமார்களுக்குப் பழகிய காணிக்கை. மிசோரம் சபைகளில் 1910-லிருந்து அது நடக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கிறார்கள், பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிறார்கள், அந்தச் சபைகளின் ஊழியத்துக்கு அது பெரிய ஆதாரம். மும்பையில் நம் வீடுகளில் பாதி நாள் சப்பாத்திதான் என்பதால் உலைக்கு ஒரு பிடி என்ற கணக்கு சரிப்படவில்லை. மாதத்துக்கு ஒரு டப்பா என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த அரிசிதான் பரேலுக்கும் தாதருக்கும் சோறாகவும் கஞ்சியாகவும் போகிறது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்காக நம் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அறை வாடகை கேட்டு மலைத்துப் போவார்கள். கீமோ எடுத்த வாய்க்கு ரொட்டியும் பருப்பும் இறங்காது, கொஞ்சம் கஞ்சியும் துவையலும் கிடைத்தால் போதும் என்பார்கள். நம் பெண்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள், வாலிபர்கள் தூக்குவாளியோடு லோக்கல் ட்ரெயினில் கொண்டு போகிறார்கள். யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை. அது நம் சங்க விதியிலேயே இருக்கிறது.

தாதரில் இந்த நோயாளிகளில் பலருக்கு இடம் கொடுப்பது காட்கே மகாராஜ் பெயரிலுள்ள தர்மசாலை. துணி வெளுக்கும் குடும்பத்தில் பிறந்து, கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தெருக்களைக் கூட்டியவர் அவர். கிடைத்த பணத்தையெல்லாம் தர்மசாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்துவிட்டு, கந்தலோடு வாழ்ந்து 1956-ல் மறைந்தார். கொடுத்தலைப் பற்றிப் பேச நமக்குத்தான் உரிமை என்று நாம் நினைத்துக்கொள்ளாமல் இருக்க, மாதம் ஒருமுறை அந்த வாசலில் தூக்குவாளியோடு நிற்பது நல்லது.

பணம் கொடுக்க இயலாத வாலிபர்கள் சிலர் நோயாளிகளுக்காக ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் கொடுத்தார்கள். எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆகவே தேவை ஓயாது. ஊசியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டும். யாருக்குப் போகிறது என்று அவர்களும் கேட்டதில்லை, நாமும் அவர்கள் பெயரை வாசிக்கவில்லை. அம்மாமார்கள் சிலருக்கு மட்டும் பையன் வீட்டில் சாப்பிட மாட்டேன்கிறான், ரத்தம் மட்டும் கொடுக்கிறான் என்று குறை உண்டு.

வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அக்கா ஒரு மாதத்துச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பெட்டியில் போட்டிருந்தார். அவர் கடனில் இருப்பது குழுவுக்குத் தெரியும். கவரில் அவரே பெயர் எழுதிவிட்டதால் ஆளும் தெரிந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பேசி, தலைவரும் நானும் போனோம். "என் காணிக்கையைத் திருப்பிக் குடுக்க நீங்க யாரு? உங்களுக்கா குடுத்தேன்?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தோம். அவர் கொடுத்தது சரி. ஆனால் தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் கதையை ஏழைகளைப் பார்த்து வாசிக்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. மாற்கு 12-ல் அந்தக் கதைக்கு முந்தின வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றியது. அதையும் சேர்த்து வாசித்தால், அந்தக் கதை முதலில் பெட்டியை வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு. அந்த அக்காவின் கடனுக்கு வட்டியில்லாமல் கைமாற்று கொடுக்கக் குழு பிறகு தனியே ஏற்பாடு செய்தது. அதை அவர் மறுக்கவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதை நிறுத்தவில்லை. ஏலத்தில் மட்டும் பெயர் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். ஒரு பூசணிக்காயைச் சந்தையில் ஒரு மூட்டை வாங்குகிற விலைக்கு இரண்டு அண்ணாச்சிகள் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட, மூன்றாமவர் எடுத்து அதைப் பெண்கள் ஐக்கியத்துக்கே திரும்பக் கொடுக்கிறார். இதில் யாருக்கும் விசனமில்லை. உற்சாகமாய்க் கொடுக்கிறவன் என்று பவுல் சொன்னவனுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. நடக்கட்டும்.

டிசம்பரில் வேறு ஒரு தொல்லை. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லாருக்கும் கொடுக்கத் தோன்றுகிறது. கேக்கும் புடவையும் வந்து குவிந்து, போதும் என்று அறிவிப்பு கொடுத்தோம். ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவர, மோசே பாளயம் முழுக்கச் சொல்லி நிறுத்தினார் என்று யாத்திராகமம் 36-ல் இருக்கிறது. மோசே மாதிரி ஆகிவிட்டோம் என்று நம் துணைத் தலைவர் பெருமைப்பட்டார். ஆனால் ஜூலையிலும் கீமோ நடக்கிறது. தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிற அந்த மாதங்களில் டப்பா பாதிதான் நிரம்புகிறது.

ரசீது பற்றி ஒன்று. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகைக்கு ரொக்கமாக 2,000 ரூபாய் வரைதான் கணக்கு. சலுகை கேட்கிறவர் பெயரும் பான் எண்ணும் 10பிடி படிவத்தில் மே 31-க்குள் போக வேண்டும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் இருக்கலாம், வருமான வரித்துறைக்குத் தெரிந்தாக வேண்டும். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. அப்படி மாறியும் ரசீது வாங்கிக்கொள்ளாமல் கொடுத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

இன்று ஒரு திருத்தத் தீர்மானம் வருகிறது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பழையபடி பெயர் வாசிக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்லும் நியாயம் லேசானதல்ல. நிலத்தை விற்றுக் கொடுத்த பர்னபாவின் பெயரை அப்போஸ்தலருடைய நடபடிகள் 4-ல் லூக்கா எழுதித்தானே வைத்தார் என்கிறார். ரத்தப் புற்றுநோயால் 1931-ல் இறந்த மெஹர்பாய் டாட்டாவின் நினைவாக எழுப்பி, 1941-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் குடும்பப் பெயர் இருப்பதால் கொடை சிறுத்துப் போயிற்றா என்றும் கேட்கிறார். இன்னொன்றும் சொன்னார்: "எங்க அப்பா பேரை வாசிச்சதைக் கேட்டுத்தான்யா நான் குடுக்கக் கத்துக்கிட்டேன்." 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனங்களே கொடுப்பார்கள் என்று நம்பியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அந்தக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நாம், கொடுப்பதைப் பார்த்துத்தான் கொடுக்கக் கற்றோம் என்பது நம் மூத்த உறுப்பினரின் கட்சி.

என் கருத்து வேறு. நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிய அனனியாவையும் லூக்கா பர்னபாவுக்கு அடுத்தே எழுதினார். நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் கையில்தானே இருந்தது என்று பேதுரு அவனிடம் கேட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். பர்னபாவின் பெயர் வாசிக்கப்பட்ட அதே சபையில் தன் பெயரும் வர வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. நினைவுக் காணிக்கைகளில் மட்டும், தொகை சொல்லாமல், இறந்தவர் பெயரை வாசிக்கலாம் என்று குழு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. திருத்தம் கொண்டுவரும் மூத்த ஐயா அதற்குப் பாதி சம்மதம். பொருளாளர் கணக்கு வாசித்ததும் விவாதம், பிறகு கை தூக்கி வாக்கு. தயவுசெய்து சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட வேண்டாம்.

தாதருக்குச் சோறு கொண்டுபோகும் முறைப் பட்டியலில் ஜூலை, ஆகஸ்டு செவ்வாய்க்கிழமைகள் காலியாக இருக்கின்றன. தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன். அதில் மட்டும் பெயர் கட்டாயம் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்