கல்யாணத்துக்காக அவசரத் திருமுழுக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

“பையன் கிறிஸ்தவ வேதக்காரன், பொண்ணு இந்து. பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினாத்தான் கோயில்ல தாலி கட்ட விடுவாங்களாம்.” தமிழ்நாட்டில் காதல் கல்யாணப் பேச்சு எடுத்த பல வீடுகளில் சண்டை இந்தப் பேச்சில்தான் ஆரம்பிக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் மகளைப் பறிகொடுப்பதாக நினைக்கிறார்கள். பையனைப் பெற்றவர்கள் வேதத்துக்குத் துரோகம் செய்ய முடியாது என்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை, இரண்டு வீட்டாரும் இல்லாத ஒரு விதிக்காகத்தான் மல்லுக்கட்டுகிறார்கள்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1086ஆம் எண், கத்தோலிக்கருக்கும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவருக்கும் இடையிலான திருமணத்துக்குத் தடை போடுகிறது. அந்தத் தடையை ஆயர் (பிஷப்) விலக்கலாம். விலக்கினால் இந்துப் பெண் இந்துவாகவே ஆலயத்தில் திருமணம் செய்யலாம். விலக்கு வாங்காமல் செய்தால் அந்தத் திருமணம் திருச்சபைக்கு முன் செல்லாது. மதம் மாறு என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை. மற்றச் சபைகளில் சபைக்குச் சபை விதி மாறும். அந்தந்தப் போதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விலக்கு வாங்கும் வழி இதுதான். கத்தோலிக்கத் தரப்பின் பங்குத்தந்தையிடம் (அவருடைய ஆலயத்துக்குப் பொறுப்பான குருவானவரிடம்) குறைந்தது மூன்று மாதம் முன்பு போக வேண்டும். புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் தேவை. பழைய நகலை ஏன் ஏற்பதில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அந்த விவரம் அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறும். ஆகவே புதிய நகலைப் பார்த்தால்தான் அவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்பது தெரியும். பிற சமயத்தவருக்கு அப்படிப் பதிவேடு கிடையாது. அவருக்கு வயதுச் சான்றும், திருமணமாகாதவர் என்பதற்கு அவரை நன்கு அறிந்தவர்களின் சாட்சியமும் கேட்பார்கள். பிறகு திருமணத் தயாரிப்பு வகுப்பு, இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்கும் விசாரணை, ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம். நியாயமான காரணம் இருந்தால்தான் ஆயர் விலக்கு தருவார். காரணம் இல்லாமல் தரக் கூடாது என்பதும் சட்டம்.

எங்கே தவறுகிறது? மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடித்த பிறகு, கடைசி இரண்டு வாரத்தில்தான் பங்குத்தந்தையிடம் வருகிறார்கள். விண்ணப்பம் அனுப்பிப் பதில் வர நேரமில்லை. அப்போதுதான் யாராவது ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான், “பேசாம பொண்ணுக்குத் தண்ணி ஊத்திடுங்க சாமி, விலக்கே வேண்டாம்ல” என்று யோசனை சொல்கிறார். காகித வேலையை மிச்சப்படுத்த, திருவருட்சாதனம் என்னும் புனிதச் சடங்கைக் குறுக்கு வழியாக்குகிறார்கள். வளர்ந்தவருக்குத் திருமுழுக்கு என்றால் அவர் தாமாக விரும்பிக் கேட்க வேண்டும், கற்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்வில் பழகிப் பார்க்க வேண்டும். இது திருச்சபைச் சட்டத்தின் 865ஆம் எண். முறைப்படியான பயிற்சி பல மாதம் ஓடி, பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவில்) முடியும். மனத்துக்குள் விருப்பமே இல்லாதவர் தலையில் தண்ணீர் ஊற்றினால் அது திருமுழுக்கே அல்ல என்பதுதான் திருச்சபையின் போதனை.

நாட்டுச் சட்டத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. கல்யாணத்தால் மட்டும் ஒருவரின் சாதிச் சான்றிதழ் மாறுவதில்லை. கிறிஸ்தவ மதத்துக்கு மாறினால் மாறும். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்க இருக்கும் ஒரு பட்டியல் சாதிப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் திருமுழுக்குக் கொடுப்பது அநியாயம். வேலைச் சலுகைக்காக மட்டும் இந்து என்று திரும்பச் சொல்லிக்கொள்ள முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

சொத்து விஷயம் கொஞ்சம் வேறு. மதம் மாறியவருக்குப் பெற்றோர் சொத்தில் உள்ள வாரிசுரிமை மதமாற்றத்தால் போய்விடாது. “மாறிட்டா, இனி அவளுக்குப் பங்கு கிடையாது” என்று அண்ணன்மார் மிரட்டுவது வெற்றுப் பேச்சு. ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாறியபின் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை இல்லை என்கிறது. சொத்து இறங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் இந்துவாக இருந்தால் மட்டும் உண்டு. தாத்தா தன் பேரப்பிள்ளைக்கு ஏதாவது சேர வேண்டும் என்று விரும்பினால் உயில் எழுதிவைப்பதுதான் வழி.

இனி, வாக்குறுதிக்கு வருவோம். உண்மையான மனத்தாங்கல் இங்கேதான் இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 1125ஆம் எண்ணின்படி கத்தோலிக்கத் தரப்பு இரண்டு வாக்குத் தர வேண்டும்: தம் விசுவாசத்தை இழக்கும் ஆபத்துகளை நீக்கிக்கொள்வேன் என்பது ஒன்று, பிள்ளைகள் எல்லாரும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று வளர என்னால் இயன்றதை எல்லாம் செய்வேன் என்பது மற்றொன்று. பிற சமயத்தவர் எந்த வாக்கும் தர வேண்டியதில்லை. தம் துணைவர் இப்படி வாக்குத் தந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. 1917ஆம் ஆண்டின் பழைய தொகுப்பில் இருவரிடமும் உத்தரவாதம் வாங்கினார்கள். 1970இல் திருத்தந்தை (போப்பாண்டவர்) ஆறாம் பவுல் அதை மாற்றினார். அரை நூற்றாண்டு கடந்தும் பல வீடுகளில் பழைய விதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“இயன்றதை எல்லாம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டை உடைத்தாவது செய் என்று அது சொல்லவில்லை. அதற்காக அந்த வாக்கு வெறும் சடங்குமல்ல. முதல் குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் “இது எனக்குத் தெரியவே தெரியாதே” என்று மருமகள் அழுதால், அவள் மீது குற்றமில்லை. கையெழுத்துப் போடும்போது அந்தத் தாளை அவள் கையில் கொடுக்காதவர் மீதுதான் குற்றம். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்காமல் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது சாவு ஆபத்து நேரம் தவிர முறைகேடு என்கிறது 868ஆம் எண். பேரனைத் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரகசியமாகத் திருமுழுக்கு வாங்கிவரும் பாட்டிமார் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது இரண்டு தாலிப் பிரச்சினை. காலையில் ஆலயத்தில் ஒன்று, மாலையில் மண்டபத்தில் ஐயர் வைத்து இன்னொன்று என்று பெரியவர்கள் சமாதானம் பேசுகிறார்கள். திருமணச் சம்மதத்தை இரண்டாம் முறை சமயச் சடங்காகக் கொடுப்பதை 1127ஆம் எண் தடுக்கிறது. இந்துக் குடும்பத்துக்கு இது அவமதிப்பாகத் தோன்றும். நம் ஊர் ஆலயங்களில் தாலியை மந்திரித்து (ஜெபித்து ஆசீர்வதித்து) கட்டுவதே வழக்கம் என்பதால், அந்த ஒரு தாலியைப் பெண் வீட்டார் செய்து கொண்டுவரட்டும் என்று விட்டுக்கொடுத்தால் பாதிச் சூடு தணிந்துவிடும். வரவேற்பில் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதையோ, மாலை மாற்றுவதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இன்னொன்று: இத்தகைய திருமணத்தை ஆலயத்தில்தான் நடத்த வேண்டும் என்றுகூட இல்லை. வேறு தகுந்த இடத்திலும் நடத்தலாம் என்று 1118ஆம் எண் இடம் தருகிறது. இது பெரும்பாலோருக்குத் தெரியாது.

வீட்டுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு இந்துக் கோயிலில் தாலி கட்டி இந்துத் திருமணச் சட்டத்தில் பதிந்துகொள்பவர்கள் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். கத்தோலிக்க ஆண், இந்துப் பெண், கோயிலில் தாலி, எட்டாம் பிரிவில் பதிவு: இப்படி நடந்த திருமணம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்கான 7-ஏ பிரிவும் அதே சட்டத்துக்குள் இருப்பதால் கிறிஸ்தவருக்குப் பொருந்தாது. இருப்பவை இரண்டு வழிகள். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒன்று. 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் கேட்கும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் மற்றொன்று. பிந்தையதில் மணக்கும் இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்ற 19ஆம் பிரிவையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கத்தோலிக்க மகளுக்குப் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது, அது திருச்சபைக்கு முன் செல்லாததால் அவளால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க முடியவில்லை, பிற சமயத்து மருமகனோ ஆலயப்படி ஏற மாட்டேன் என்கிறான். இந்த நிலையில் பெற்றோர் மகளோடு பேச்சை நிறுத்துவதுதான் வழக்கமாக இருக்கிறது. தேவையே இல்லை. இருவரின் சம்மதமும் நீடிக்கிறது என்று தெரிந்தால், மருமகன் ஆலயத்துக்கு வந்து மறுபடி சம்மதம் சொல்லாமலேயே அந்தத் திருமணத்தை ஆயர் செல்லுபடியாக்கலாம். 1161 முதல் 1165 வரை உள்ள எண்கள் இதற்காகவே இருக்கின்றன. பங்குத்தந்தையிடம் போய் இந்த எண்களைச் சொல்லியே கேளுங்கள்.

தன்னைவிடத் தாய் தகப்பனை அதிகம் நேசிப்பவன் தனக்குத் தகுதியற்றவன் என்று இயேசு சொன்ன வசனத்தைச் சில சபை ஊழியர்கள் கத்தியைப் போல வீசுகிறார்கள். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை அதே இயேசு கண்டித்ததை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் படிக்கலாம். விசுவாசியல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவரை விலக்கிவிடாதே என்று கொரிந்தியருக்கு எழுதியவர் திருத்தூதர் பவுல். மேடையில் இவற்றை ஏனோ யாரும் வாசிப்பதில்லை.

பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். வாக்குறுதித் தாளை நல்ல தமிழில் அச்சடித்து, ஒரு நகலைப் பிற சமயத்து மணமக்கள் கையிலும் அவர்கள் பெற்றோர் கையிலும் முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். மண்டபம் பிடிப்பதற்கு முன்பே அவர்கள் அதை வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும்.

இப்படிக்கு,
திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பாடம் எடுக்கும் பொதுநிலையினர் (குருக்கள், துறவியர் அல்லாதவர்கள்) இருவர்